வத்சனின் அரைப் பாட்டு

ஸ்ரீவத்சனுக்கு முழுசாக ஒரு பாட்டும் தெரியாது. வயசு அறுபத்தெட்டு ஆகிறது, ஐம்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார், ஆனாலும் தெரிந்ததெல்லாம் பாதிப் பாட்டுதான். அதுவும் முன்பாதி, பின்பாதி என்ற கணக்கில் இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பாட்டின் கூடவே ஓடும், ஆனால் பாட்டாக இருக்காது. மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் இருக்கும் ஃப்ளாட்டில் குளிக்கும்போது அவர் அதை எடுத்துவிட்டால் போதும், சமையலறையிலிருந்து மனைவி ஜெயலக்ஷ்மியின் குரல் வரும்.

"ஆரம்பிச்சாச்சா உங்க அரைப் பாட்டை? சொச்சத்தை மந்தைவெளியில விட்டுட்டு வந்துட்டேளா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. சொச்சம் மந்தைவெளியில்தான் இருந்தது, வேதாந்தத்தின் தொண்டையில்.

வேதாந்தமும் வத்சனும் காலேஜில் ஒரே பெஞ்சு. ரெண்டாம் வருஷத்தில், கப்பலில் வேலை பார்த்த வேதாந்தத்தின் மாமா ஒருத்தர், ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய எல்.பி. ரெக்கார்டு ஒன்றைக் கொண்டுவந்து மருமானிடம் கொடுத்தார். அட்டையில் ரெண்டு வெள்ளைக்காரப் பையன்கள் ஒரு மரவேலி மேல் உட்கார்ந்துகொண்டு, சண்டை போட்டுக்கொண்ட மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பக்கத்துக்கு ஆறு வீதம் பன்னிரண்டு பாட்டு. ஒரே ஒரு கிதார், அதற்குப் பின்னால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக ஒரு டிரம். கத்தல் கிடையாது, கூத்து கிடையாது. மூடிப்போன ஒரு தபால் ஆபீசைப் பற்றி ஒரு பாட்டு. பஸ்ஸில் தூங்கிப்போய் இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்டவனைப் பற்றி ஒன்று. படகுத்துறையை இழுத்து மூடும் அண்ணன் தம்பியைப் பற்றி ஒன்று. பெரிய தத்துவமெல்லாம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் வந்து உட்கார்ந்து ஊர் சமாசாரம் சொல்வது போல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆனால் அந்த ரெண்டு குரலும் சேர்கிற இடம் இருக்கிறதே, அடடா! முதல் குரல் மெட்டைப் பிடித்துக்கொண்டு படியேறும். ரெண்டாவது குரல் எப்போதும் ரெண்டு படி கீழே நின்று, அதே வார்த்தையை, அதே வேகத்தில், வேறு ஸ்வரத்தில் சொல்லிக்கொண்டே கூட ஏறும். ஒன்றை ஒன்று தொடாது. தொடாமலே நடுவில் மூன்றாவதாக ஒரு குரல் எழும்பும். அது யார் பாடுவது என்று வத்சனுக்கு முதல் நாள் விளங்கவே இல்லை. ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து எட்டு தடவை கேட்ட பிறகுதான், அப்படி மூன்றாவது ஆள் யாரும் கிடையாது என்று புரிந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மெட்டை வேதாந்தம் எடுத்துக்கொண்டார். அவருக்குத்தான் சாரீரம் இருந்தது. கீழே நிற்கும் குரல் வத்சன் தலையில் விழுந்தது. அதை ரெக்கார்டிலிருந்து பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மெட்டு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் அசந்தால் நாமும் அதோடு போய்விடுவோம். ஒரு ஸ்பீக்கர் மேல் தலையணையை வைத்து அழுத்தி, இன்னொன்றில் காதை ஒட்டிவைத்து, ஆறு மாசம் உட்கார்ந்து பன்னிரண்டு பாட்டுக்கும் கீழ்க்குரலைப் பிடித்தார் வத்சன். பிடித்த பிறகு அவர் மெட்டுக்குப் போகவே இல்லை. போக வேண்டிய அவசியமும் வரவில்லை. மெட்டுக்குத்தான் வேதா இருக்கிறானே!

பிறகு வத்சன் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில் சேர்ந்து அங்கேயே ரிடையர் ஆனார். வேதாந்தம் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். கல்யாணம், குழந்தைகள், டிரான்ஸ்பர் தகராறு, முட்டிவலி எல்லாம் ஊர் உலகத்துக்கு வந்த மாதிரி இவர்களுக்கும் வந்தன. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மந்தைவெளியில் காபி, ரெக்கார்டு ரெண்டு பக்கமும், அது முடிந்ததும் இவர்கள் பாடுவது. இதை யாராலும் அசைக்க முடியவில்லை. வெளிநாட்டில் அந்த ரெண்டு பேரும் நாலே வருஷத்தில் முட்டிக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். மந்தைவெளிக் கிளை மட்டும் மூடவே இல்லை.

வேதாந்தத்தின் மனைவி கோமளம் சங்கீதக் குடும்பம். வாசல் அறையில் காலையும் மாலையும் பாட்டு வகுப்பு நடக்கும். அவள் காதில் ரெண்டு பேர் சேர்ந்து பாடுவதென்றால் ரெண்டு பேரும் ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒருத்தர் விலகினால் அது அபஸ்வரம். அவள் பிறந்து வளர்ந்த ஊரில் வேறு எப்படியும் யாரும் பாடியதில்லை, பாவம் அவள் மேல் என்ன தப்பு? கல்யாணமான முதல் வருஷமே காபி டம்ளரை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி வத்சனிடம் சொன்னாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதேங்கோ. உங்களுக்குக் குரல் இருக்கு. ஸ்ருதிதான் கொஞ்சம் விலகறது. கார்த்தால அரைமணி வந்தேள்னா ஸரளி வரிசைலேர்ந்து பிடிச்சுத் தந்துடறேன்."

வேதாந்தம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வத்சனும் சிரித்துவிட்டு, "ஆகட்டும் மன்னி" என்றார். அது அப்படித்தான் இருக்கணும் மன்னி, அந்தப் பாட்டின் அழகே அதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஒரு வருஷம் பத்து வருஷமாகி, பத்து நாற்பதாகி, வத்சன் அண்ணாவுக்கு ஸ்ருதி சேராது என்பது அந்த வீட்டில் ஒரு குடும்ப விஷயமாகவே ஆகிவிட்டது. இனிமேல் போய் எடுத்துச் சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

போன ஆடியில் வேதாந்தத்துக்குக் குரல் கம்மியது. இத்தனை வருஷ சாக்பீஸ் தூசி என்றார், ஆடிக் காற்று என்றார், ஐஸ்க்ரீம் என்றார். ஐப்பசி வந்தும் கரகரப்பு போகவில்லை. அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழாயை விட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பி, கடைசியில் அந்த டாக்டர் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். குரல்வளையில் புற்று. முழுசாக எடுத்துவிட வேண்டும். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துவாரம் போடுவார்கள்.

"பேச்சு?" என்று வத்சன்தான் கேட்டார்.

"பின்னால டிரெயினிங் இருக்கு சார், மெஷின் இருக்கு. இப்போதைக்கு உயிர் முக்கியம்."

வத்சனால் முடிந்ததெல்லாம் ஃபைலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். டோக்கன் வாங்கினார். ஸ்கேன் அறைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் நடையாய் நடந்தார். காபியில் சர்க்கரை அதிகம் என்று கான்டீன்காரனிடம் எரிந்து விழுந்தார், ஐந்து நிமிஷம் கழித்துப் போய் அவனிடம் மன்னிப்பும் கேட்டார். ஒரு நாள் கபாலி கோயிலில் சந்நிதிக்கு முன்னால் போய் நின்றார். என்ன கேட்பதென்று தெரியவில்லை. குரலைக் கொடு என்றால் உயிர் போய்விடுமோ, உயிரைக் கொடு என்றால் குரலை வேண்டாம் என்று சொன்னதாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் விபூதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"இவர் குரலை ஒரு தடவையாவது பிடிச்சு வெச்சுக்கணும்" என்றாள் கோமளம். அவளிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளும் அனன்யா, மாமியின் வகுப்புகளை யூடியூபில் போடுகிறவள். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் ரெண்டு வைத்திருந்தாள். திங்கட்கிழமை அட்மிஷன் என்றால், அதற்கு முந்தின சனிக்கிழமை வந்து ஆளுக்கொரு மைக்கை மாட்டிவிட்டாள்.

"ஒரு கீர்த்தனை பாடுங்கோளேன்" என்று கோமளம் கெஞ்சினாள்.

"கீர்த்தனைக்கு நீ இருக்கே. இதுக்கு எங்க ரெண்டு பேரை விட்டா யார் இருக்கா?" என்றார் வேதாந்தம் கரகரத்த குரலில்.

ரெண்டாம் பக்கம் முழுக்கப் பாடினார்கள். வேதாந்தத்தின் குரல் ரெண்டு இடத்தில் கிழிந்தது. ஓரிடத்தில் இருமல் வந்து நிறுத்தி, வெந்நீர் குடித்து, மறுபடி எடுத்தார். படகுத்துறைப் பாட்டுக்கு வந்தபோது வத்சனுக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் அந்த மூன்றாவது குரல் வந்தது, ஐயா, வந்தது! அத்தனை கரகரப்புக்கும் நடுவில் எங்கிருந்தோ எழும்பி வந்து கூடத்தில் நின்றது. வேதாந்தம் வத்சனின் முழங்காலை ஒரு அழுத்து அழுத்தினார். பாட்டு முடிந்ததும் வத்சன் மைக்கைக் கழற்றத் தெரியாத மாதிரி குனிந்தே உட்கார்ந்திருந்தார். இது ஒன்று நம் கையில் இருக்கிறது, இனி எது போனாலும் இது இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே போனவர் வெளியே வரும்போது சாயங்காலமாகிவிட்டது. ஐ.சி.யு.வில் நாலு நாள். ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அன்றைக்குக் காலை வராந்தாவில் வத்சன் உட்கார்ந்திருந்தபோது அனன்யா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"மாமா, ரெடி பண்ணிட்டேன். ஃபேன் சத்தம், இருமல், மூச்சு வாங்கறது எல்லாத்தையும் க்ளீன் பண்ணியாச்சு. முதல்ல நீங்க கேளுங்கோ" என்று இயர்ஃபோனை அவர் காதில் வைத்தாள்.

வேதாந்தத்தின் குரல் வந்தது. வத்சனுக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு நாளாகச் சத்தமே இல்லாமல் கிடக்கிறவன் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பாடினால் எப்படி இருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு தன் இடத்துக்காகக் காத்திருந்தார். இடம் வந்தது. அவர் வரவில்லை. அடுத்த வரியிலும் வரவில்லை. இயர்ஃபோனைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்.

"இதுல ஒரு பக்கம் வரலையேம்மா?"

"ரெண்டு பக்கமும் வரதே மாமா." அனன்யா கொஞ்சம் நெளிந்தாள். "உங்க மைக்கு... மாமி, ஸ்ருதி விலகற இடத்தையெல்லாம் எடுத்துடச் சொன்னா. பார்த்தா எல்லா இடமுமே அப்படித்தான் இருந்தது. அதனால மொத்தமா எடுத்துட்டேன். வேதாந்தம் மாமா குரல் எவ்வளவு க்ளியரா கேக்கறது பாருங்கோ!"

"முன்னாடி எடுத்தது? அது இருக்கோல்லியோ?"

"ஃபோன்ல இடமே இல்லை மாமா. அழிச்சுட்டேன்."

அடிப்பாவி என்பது வத்சனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் ஃப்ளாஸ்க்கும் கையுமாகக் கோமளம் வந்து எதிரில் நின்றாள். ஐந்து நாளாகத் தூங்காத கண்.

"கேட்டேளா அண்ணா? எவ்வளவு சுத்தமா இருக்கு! அவருக்கு இதைப் போட்டுக் காட்டினா தெம்பா இருக்கும், இல்லையா?" என்றாள். அந்த முகத்தில் ஒரு வாரத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"நன்னா இருக்கு மன்னி" என்று மென்று முழுங்கினார் வத்சன்.

குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். கோபம் வந்தது, அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. அவன் தொண்டையையே அறுத்து எடுத்திருக்கிறார்கள், எனக்கு என் பங்கு போயிற்றே என்று வயிறு எரிகிறதே, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் எரிச்சல் அடங்கவில்லை. ஐம்பது வருஷம் ஒரு ஆள் பாடியதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை, தரையைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள்.

வார்டில் வேதாந்தம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் கட்டு, கட்டின் நடுவில் துவாரம். மடியில் குழந்தைகள் எழுதி அழிக்கும் சிலேட்டு. கோமளம் ஃபோனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டைப் போட்டாள். தன் குரல் வந்ததும் வேதாந்தத்தின் கண் கலங்கி, உதட்டோரம் ஒரு சிரிப்பு கூட வந்தது. ரெண்டாவது வரியில் அந்தச் சிரிப்பு நின்றது. ஃபோனைப் பார்த்தார். திரும்பி வத்சனைப் பார்த்தார். சிலேட்டை எடுத்து எழுதினார்.

"நீ எங்கே?"

"அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிண்டிருந்ததுடா. மைக்ல சரியா விழலை" என்றார் வத்சன்.

முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பாடினவனிடம் இந்தப் பொய் செல்லுமா? வேதாந்தம் அவரையே பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு நின்ற அனன்யாவைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி எழுதி அவளிடம் நீட்டினார். "அவன் இல்லாம இது பாட்டே இல்லை."

"இல்லை, அண்ணாவுக்கு ஸ்ருதி..." என்று கோமளம் ஆரம்பித்தாள்.

வேதாந்தம் குச்சியால் சிலேட்டை ஓங்கித் தட்டினார். மறுபடி எழுதினார். "விலகலை. அது அப்படித்தான் இருக்கணும்."

கோமளம் அதை ரெண்டு தடவை படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அப்படியா அண்ணா?" என்றாள் மெதுவாக. "நாற்பது வருஷமா... ஒரு தடவைகூட நீங்க சொல்லலையே?"

வத்சன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இப்போது சொல்லித்தான் என்ன பிரயோஜனம்?

வேதாந்தம் சிலேட்டில் ஒரே வார்த்தை எழுதினார். "பாடு."

அனன்யா பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டாள். படகுத்துறைப் பாட்டு. வத்சன் வாயைத் திறந்து காத்திருந்தார், இடம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. இன்னொரு தடவை போட்டாள், மறுபடியும் தாண்டிப் போய்விட்டது. மூன்றாம் தடவை அவசரப்பட்டு முன்னாலேயே நுழைந்து, நாக்கு குழறி நிறுத்தினார். அவருக்கே ஒன்றும் புரியவில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுகிற பாட்டு இது! பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் வேதா மூச்சை இழுப்பான். அதைக் கேட்டுத்தான் இத்தனை வருஷமும் தான் நுழைந்திருக்கிறோம். அந்தப் பெண் துடைத்த துடைப்பில் மூச்சும் போய்விட்டது.

"முடியலைடா வேதா" என்றார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

வேதாந்தம் கையை நீட்டி ஃபோனை அணைத்தார். பிறகு தோளை உயர்த்தி, கழுத்துத் துவாரத்தின் வழியாக ஒரு மூச்சை இழுத்தார். கரகரவென்று, சளியும் காற்றுமாக, காது கொடுத்துக் கேட்க முடியாத ஒரு சத்தம். ஆனால் அளவு அதே அளவு. வத்சனின் வாய் தானாகத் திறந்து பாட்டு வந்தது.

தனியாகக் கேட்டால் அது ஒன்றுமே இல்லை. மெட்டு இல்லாமல், தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல், கீழேயே சுற்றிச் சுற்றி வரும் ஒரு முனகல். எதிரில் வேதாந்தத்தின் உதடு ஒவ்வொரு வார்த்தையாக அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. வரி முடிந்தால் துவாரத்தில் மூச்சு, மூச்சு வந்தால் வத்சனின் குரல். கோமளம் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தாளம் போட்டே பழகிய அவள் கை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தரை துடைக்க வந்த ஆயா ஜானகி வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

அந்தப் பாட்டின் நடுவில் நாலு வரி உண்டு. தம்பிக்காரன் போய்விட்ட பிறகு அண்ணன் மட்டும் தனியாகப் படகுத்துறையில் நின்று பாடும் இடம். அங்கே ரெண்டாவது குரலுக்கு வேலை இல்லை. அந்த இடம் வந்ததும் வத்சன் வழக்கம் போல் நிறுத்தினார். கையைக் கட்டிக்கொண்டு, வேதாந்தத்தின் உதட்டைப் பார்த்தபடி காத்திருந்தார். வார்டில் ஒரு சத்தமும் இல்லை. முதல் வரி போயிற்று, ரெண்டாவது வரி போயிற்று.

ஜானகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

"இன்னா சார், பாட்டு முடிஞ்சிடுச்சா?"

"இல்லம்மா" என்றார் வத்சன், அவள் பக்கம் திரும்பாமலே. "அவன் பாடிண்டிருக்கான்."